மாப்பிள்ளைக்கு வேலை தெரியாது

கொஞ்சம் அந்த ஜன்னலைச் சாத்துங்க தம்பி. எனக்கில்லீங்க, இதுக்கு. சாரல் பட்டாப் போச்சு. நான் நனைஞ்சா துண்டு இருக்குது, தொடச்சுக்குவேன். இது நனைஞ்சா அவ்வளவுதான்.

ஆமாங்க, வேட்டிதான். வேட்டிக்குள்ள என்னன்னுதானே சேலத்துல ஏறினதுலருந்து ஓரக்கண்ணுல பாத்துட்டு வர்றீங்க. நானும் கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் உக்காந்திருக்கேன். மதர்போர்டுங்க. கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள பச்சையா ஒரு பலகை இருக்குமே, அது. மத்ததெல்லாம் ஊட்லயே இருக்குது. இதை மட்டும் கழட்டி எடுத்துட்டு வர்றேன். நானேதான் கழட்டினேன். ஸ்க்ரூவெல்லாம் ஒரு டம்ளர்ல போட்டு, மேல தட்டு மூடி, அடுப்படியில வெச்சிருக்கேன். தொலைஞ்சு போனா அதுக்கும் அவருகிட்டத்தான் நிக்கோணும்.

ஓசூருக்குப் போறேன். எங்க மாப்பிள்ளை அங்க இருக்காரு. கொண்டுட்டு வாங்க மாமா, சரி பண்ணிப்போடலாம்னிருக்காரு. பண்ணுவாரான்னு கேட்டீங்கன்னா எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை தெரியாதுங்க அவருக்கு. கம்ப்யூட்டர் கம்பெனிதான், பார்க்கறதும் இந்தப் போர்டு வேலைதான், ஆனா தெரியாது. நீங்க சிரிக்காதீங்க. முழுக்கக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

நான் திருச்செங்கோடுங்க. பேரு அர்த்தனாரி. எங்கூர்ல தெருவுக்கு நாலு அர்த்தனாரி இருப்பான், ரிக் ஆபீஸ் அர்த்தனாரின்னு கேட்டாத்தான் என்னைக் காட்டுவாங்க. போர்வெல் வண்டி ஆபீஸ்ல கணக்கெழுதிட்டு இருந்தேன். வண்டிக எல்லாம் வடக்க போயிரும். ஆபீஸ்ல நானும் ஒரு மேசைஃபேனும்தான். அப்பப் பழகினதுதான் ஜாதகம் பார்க்கறது. டிரைவருக்கு, ஹெல்ப்பருக்குன்னு பஞ்சாங்கத்தைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்லப்போயி, அப்புறம் ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை பார்க்கற ஆளுக எல்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க. நான் கைநீட்டிக் காசு வாங்கறதில்லை. நாலு பேரு வந்து உக்காந்து பேசிட்டுப் போறாங்கல்ல, அது போதும். எஞ்சம்சாரம் வெள்ளனே போயிட்டா. ஒரே பொண்ணு, சுகந்தி. அவளைக் கட்டினவருதான் இந்த லோகநாதன்.

நீங்க கல்யாணம் ஆனவருங்களா? ஆகலையா. அப்ப இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை கையை வீசிட்டு வரோணும், வாரிக்கிட்டுப் போகோணும். அதுதான் முறை. நானும் வேட்டி, சட்டை, மோதிரம்னு எல்லாம் எடுத்து வெச்சு, கறிக்குச் சொல்லிப்போட்டு வாசல்ல நிக்கறேன். ஆட்டோவுல வந்து எறங்கறாரு, கையில இத்தாப் பெரிய பொட்டி. என்னங்க மாப்ளே இதுன்னா, "உங்களுக்குத்தான் மாமா. நானே பார்ட் பார்ட்டா வாங்கிச் சேத்தேன். ஜாதக சாஃப்ட்வேரெல்லாம் போட்டிருக்கேன். இனிமே பஞ்சாங்கத்தைக் கண்ணுல ஒட்டி வெச்சுப் பார்க்க வேண்டாம்"ங்கறாரு.

மாமனாருக்கு மாப்பிள்ளை சீர் கொண்டுட்டு வந்ததை நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? தெருவே எட்டிப் பார்க்குது. எனக்கு மானம் போயிருச்சுங்க. அந்த ரண்டு நாளும் நான் அவருகிட்ட மொகங்குடுத்துப் பேசலை. அவரு தரையில உக்காந்து ஒயரை மாட்டிட்டு இருக்காரு, நான் பேப்பரை விரிச்சு மொகத்துக்கு நேராப் புடிச்சுட்டு இருக்கேன். நடுவுல எம்பொண்ணுதான். "அப்பா, அவரு ஸ்டூல் கேக்கறாரு." "ஏங்க, அப்பா காப்பி வேணுமான்னு கேக்கறாங்க." நான் காப்பி வேணுமான்னு கேக்கவே இல்லை. அவளே கேட்டுக்குவா, அவளே பதில் சொல்லிக்குவா. அப்புறமும் அப்படியேதான் ஓடுச்சு. நானும் அவரும் நேருக்கு நேரா நாலு வார்த்தை சேந்தாப்ல பேசினதா எனக்கு ஞாபகம் இல்லை. அவ இருக்கறப்ப அதுக்குத் தேவையும் இல்லை.

நான் எடுத்துக் குடுத்த வேட்டியை அவரு கட்டவே இல்லீங்க. பேண்ட் போடற ஆளு. மறந்து விட்டுப்போட்டுப் போயிட்டாரு. அந்த வேட்டிதான் இது. காட்டன்லதான் சுத்தோணும், வேற துணின்னா அதுல கரண்ட் புடிச்சு போர்டு வீணாப் போயிரும்னு அவருதான் போன்ல சொன்னாரு. சுத்தமான காட்டனுக்கு ஊட்ல எங்க போறது? தேடினா பீரோவுல மடிப்புக் கலையாம இது இருந்துச்சு.

தொப்பூர் கணவாய் வந்துருச்சு, ஆட்டும். இருங்க, நல்லாப் புடிச்சுக்கறேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங். எம்பொண்ணு இப்ப இல்லீங்க. காய்ச்சல்னு படுத்தா, எந்திரிக்கலை. குழந்தை குட்டியும் இல்லை. விடுங்க, நீங்க எதுக்கு மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க. மூணாவது வருசம் ஆச்சு.

அதுக்கப்புறம் மாப்பிள்ளை தீபாவளி, பொங்கலுக்குப் போன் பண்ணுவாரு. "நல்லாருக்கீங்களா மாமா?" "இருக்கேனுங்க மாப்ளே." "சரிங்க மாமா." "சரிங்க மாப்ளே." முடிஞ்சுது. வேற என்ன பேசறது? பேசறவ போயிட்டா. இந்தப் பக்கம் நான் போனைப் புடிச்சுட்டு நிப்பேன், அந்தப் பக்கம் அவரு நிப்பாரு. யாராச்சும் ஒருத்தர் இருமுவோம், வெச்சுருவோம்.

ஆனா பொட்டியை மட்டும் நான் தெனமும் போடுவேனுங்க. ஜாதகம் பார்க்க ஆளு வந்தாலும் வராட்டியும் காலையில எந்திரிச்சதும் ஸ்விட்சைப் போட்டுருவேன். டிக்குன்னு ஒரு சத்தம் குடுக்கும். அப்புறம் திரையில "வணக்கம் மாமா"ன்னு எழுத்து வரும். அவரு அன்னிக்கு அப்படி எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு, எனக்கு மாத்தத் தெரியலை. மொதல்ல எல்லாம் எரிச்சலா இருக்கும். அப்புறம் பாருங்க, சில நாளு எனக்கு வணக்கம் சொல்றது அது ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு. நானும் யாரும் இல்லாதப்ப, வணக்கமுங்க மாப்ளேன்னு சொல்லிப்போட்டுக் காப்பி வெக்கப் போவேன். இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் மாப்பிள்ளை போன் பண்றாரு. தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. "மாமா, அம்மா ஒரு பொண்ணு பார்த்திருக்காங்க"ங்கறாரு. "ஜாதகம் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். பொருத்தம் நீங்கதான் பார்க்கோணும். நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு. இல்லைன்னா வேண்டாம்"ங்கறாரு.

சின்ன வயசுங்க அவருக்கு. ஒத்தையா இருன்னு சொல்றதுக்கு நான் யாரு? பார்க்கறேனுங்க மாப்ளேன்னு சொல்லிட்டேன். பார்த்து நாளைக்குச் சொல்றேன்னே சொல்லிட்டேன்.

காலையில பொட்டியைப் போட்டேன். வணக்கம் மாமா வந்துச்சு. அதுக்குப் பின்னாலயே ஒரு கட்டம் வந்துச்சு, இங்கிலீஷ்ல. அது மாசக்கணக்கா வந்துட்டு இருந்த கட்டம்தான். போர்டுக்குப் புதுசா என்னமோ ஏத்தோணும், ஏத்தட்டுமான்னு கேக்கும். அது வந்தா 'அப்புறம்'கறதை அமுக்குங்க மாமான்னு மாப்பிள்ளை தலை தீபாவளியிலயே படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. நானும் அப்புறம், அப்புறம்னுதான் அமுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு மட்டும் 'சரி'யை அமுக்கிட்டேன்.

ஏன்னா, முக்கியமான காரியம் பாருங்க. மெஷின் சுத்தமா இருக்கோணும் இல்லீங்களா? கல்யாணத்துக்கு முன்னால ஊட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. சும்மா ஒண்ணும் அமுக்கலை. காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை, எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம். ஒம்பதுக்கு மேல ராகுகாலம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள தொட்டுரோணும்னு, முடியற சமயத்துல சரியாத் தொட்டேன். பேப்பர்ல ராசிபலனும் பார்த்தேன். புது முயற்சி கைகூடும்னு போட்டிருந்தான். அதே பேப்பர்ல அடுத்த பக்கத்துல, எங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு, ஒம்பது மணியிலருந்து மின்தடைன்னும் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை நான் திருப்பலை.

அது நெட்லருந்து மெதுவா எறங்கி, போர்டுல மெதுவா ஏறுச்சு. ஒரு பட்டை நகந்துட்டே போச்சு. எக்காரணம் கொண்டும் அணைக்காதீங்கன்னு செவப்புல போட்டிருந்துச்சு. பட்டை பாதி போறப்ப பொட்டுனு கரண்ட் போயிருச்சு. யூபிஎஸ்ஸா? இருக்குது. பேட்டரி செத்துப் போயிக் கெடந்துச்சு, மாத்தோணும் மாத்தோணும்னுட்டு மாத்தலை. ஒருத்தனுக்கு எதுக்கு யூபிஎஸ்ஸுன்னு விட்டுப்போட்டேன்.

சாயங்காலம் கரண்ட் வந்துச்சு. ஸ்விட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்ணும் இல்லை. கருப்பு. டிக்குன்னு அந்தச் சத்தம் கூட வரலை. வணக்கமும் இல்லை ஒண்ணும் இல்லை.

மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பட்டை எவ்வளவு தூரம் போயிருந்துச்சுன்னு கேட்டாரு. அப்புறம் வெளக்கினாரு. போர்டுல ஒரு சின்னச் சிப்பு இருக்குதாம். ஸ்விட்சைப் போட்டதும், நீ யாரு, உங்கிட்ட என்னென்ன இருக்குன்னு போர்டுக்கு அதுதான் ஞாபகப்படுத்துமாம். அதுல பழசை அழிச்சுப் புதுசை எழுதிட்டு இருக்கறப்பக் கரண்ட் போயிருச்சு. பழசும் முழுசா இல்லை, புதுசும் முழுசா இல்லை. அதனால தான் யாருன்னு அதுக்குத் தெரியலை, அப்படியே நிக்குது. "பார்க்கலாம் மாமா, நான் சொல்லச் சொல்ல நீங்க பண்ணுங்க. அதுவரைக்கும் பொருத்தம் இருக்கட்டும்"ன்னாரு.

அன்னியிலருந்து தெனமும் பொழுது சாயப் போன் வந்துரும். வீடியோ போன். இடது கையில போனைப் புடிச்சுக்கோணும், வலது கையில வேலை. மொதல் நாளு, ஒயரைப் புடுங்கிட்டு ஸ்விட்சை அமுக்கியே புடிங்கன்னாரு. புடிச்சேன். ஒண்ணும் இல்லை. அடுத்த நாளு, காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், கழட்டி வெளிய வைங்கன்னாரு. வெச்சேன். "ஒரு நாள் பூரா இருக்கட்டும் மாமா, நாளைக்குக் கூப்புடறேன்." மறுநாள் மாட்டினேன். ஒண்ணும் இல்லை. அப்புறம் போர்டுல நீட்டிட்டு இருக்கற ரண்டு ஊசியைக் காட்டி, ஸ்க்ரூட்ரைவர்ல ரண்டையும் சேத்துத் தொடுங்கன்னாரு. எனக்குக் கை நடுங்குது. "நடுங்கட்டும் மாமா, ஒண்ணும் ஆகாது, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்"ங்கறாரு. தொட்டேன். அதுக்கும் ஒண்ணும் இல்லை.

இன்னொரு நாளு ராம்னு நீளமா ஒண்ணு இருக்குமே, அதைக் கழட்டி, அடியில மினுங்கற காலை ரப்பர் வெச்சுத் தேய்ங்கன்னாரு. பென்சில் அழிக்கற ரப்பரு. எங்கூட்ல ஏது ரப்பரு? தேடித் தேடிக் கடைசியில சுகந்தியோட ஜாமெட்ரி டப்பாவுல ஒண்ணு கெடச்சுது. ஓரமெல்லாம் பல்லுத் தடம். போனுக்கு நேராக் காட்டி, கடிச்சு வெச்சிருக்கா பாருங்க மாப்ளேன்னேன். அவரு சிரிச்சாரு. "இங்கயும் அப்படித்தான் மாமா. பேனா மூடியெல்லாம் கடிச்சுருவா. என் ஆபீஸ் கார்டோட கயித்தைக் கூடக் கடிச்சு வெச்சிருக்கா"ன்னாரு. நான் அவ மூணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணைக் கடிச்ச கதையைச் சொன்னேன். அவரு வேற ஒண்ணு சொன்னாரு. அன்னிக்கு நாங்க ராமைப் பத்திப் பேசவே இல்லை. தேய்க்காமயே மாட்டிட்டேன். அதைச் சொன்னா, "பரவாயில்லை, நாளைக்குத் தேய்க்கலாம் மாமா"ங்கறாரு. பாருங்க, எவ்வளவு அசால்ட்டு.

வேலையில கவனமே இருக்காதுங்க அவருக்கு. போர்டைக் காட்டுன்னு சொல்லிப்போட்டு ஊட்டைப் பார்ப்பாரு. "அந்த அடுப்படி லைட்டு இன்னும் மினுக்கு மினுக்குன்னுதான் எரியுதா மாமா?" "தட்டுல என்ன, இன்னைக்கும் தயிர்சோறுதானா?" "சட்டை மாட்டற ஆணி ஆடுது பாருங்க." போர்டுக்கும் ஆணிக்கும் என்னங்க சம்பந்தம்? நானும் லைட்டை மாத்தினேன், ஆணியை அடிச்சேன். கேட்டுட்டே இருப்பாரே. தயிர்சோறுன்னா மூஞ்சி மாறுதேன்னு சாயங்காலத்துல ஒரு பொரியலும் வெக்க ஆரம்பிச்சேன்.

ஒரு நாள் சொல்றாரு, "ஸ்விட்சைப் போட்டுட்டு, ஃபேன் எங்கயாச்சும் நின்னு சுத்துதான்னு கவனிங்க மாமா. பேசாதீங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க." போட்டேன். போனைப் பொட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். நான் இங்க உக்காந்து கேக்கறேன், அவரு அங்க உக்காந்து கேக்கறாரு. ஃபேன் பாட்டுக்குச் சுத்துது. வெளிய இருட்டிருச்சு. நான் லைட்டு கூடப் போடலை. அவரும் போதும்னு சொல்லலை, நானும் போதுங்களான்னு கேக்கலை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னு தெரியலீங்க. கடைசியில, "நிக்கலை இல்லீங்க மாமா?"ன்னாரு. நிக்கலைங்க மாப்ளேன்னேன். "சரி, நாளைக்குப் பார்ப்போம்"ன்னு வெச்சுட்டாரு. இதுக்குப் பேரு ரிப்பேருங்களா? நீங்களே சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? பொருத்தமா? கையால போட முடியாதான்னு கேக்கறீங்க. ஏன் முடியாது? அத்தனை வருசம் கையாலதான் போட்டேன். ஆனா இப்பக் கையால போடறதில்லை. அதுக்கு மெஷின் இருக்குதுல்ல? சரியாகட்டும், போட்டுக்கலாம்.

அட, நீங்க ஒரு ஆளு. விடாமக் கேக்கறீங்க. சுகந்திக்கும் அவருக்கும் நாந்தான் பொருத்தம் பார்த்தேன். கையாலதான். எட்டு வந்துச்சு. பத்துக்கு எட்டு. யாரு பார்த்தாலும் எட்டுதான். தப்பு ஒண்ணும் இல்லை, திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன். அதனாலதான் சொல்றேன், கையை நம்பறதில்லைன்னு. மெஷின் சொன்னா மெஷின் சொன்னதுன்னு ஆயிரும்.

தண்ணி குடிச்சுக்கறேன். கொஞ்சம் மூடியைத் தொறந்து குடுங்க. இதை மடியிலருந்து எடுக்க முடியலை.

இப்படி ஓடிட்டு இருக்கறப்ப, மாப்பிள்ளையோட அம்மா போன் பண்றாங்க. என்னை அண்ணான்னுதான் கூப்புடுவாங்க. "அண்ணா, பொண்ணு ஊட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவன் கிட்டக் கேட்டா, மாமா கம்ப்யூட்டர் சரியாகலைங்கறான். இது என்னங்கண்ணா கூத்தா இருக்குது? ஒரு கம்ப்யூட்டருக்காக ஒரு கல்யாணம் நிக்குதா? உங்களுக்குச் சங்கடம்னா சொல்லிருங்கண்ணா, நான் வேற ஆளுகிட்டப் பார்த்துக்கறேன்." எனக்கென்னங்க சங்கடம்? அப்படியெல்லாம் இல்லை தாயி, ஒரு வாரத்துல சொல்லிப்போடறேன்னுட்டேன்.

சரி, மாப்பிள்ளையால ஆகாது, நாமே ஒரு வழி பண்ணுவோம்னு பொட்டியைத் தூக்கிட்டு சங்ககிரி ரோட்ல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரன் அப்படி இப்படிப் பார்த்தான். என்னாச்சுன்னு கேட்டான். சொன்னேன். சிரிக்கறான். "பெரியவரே, பாதி எழுதறப்பக் கரண்ட் போச்சுன்னு சொன்ன உடனே தெரிஞ்சு போச்சே. சிப்பைத் தனியா மெஷின்ல வெச்சுத் திருப்பி எழுதோணும். பத்து நிமிஷ வேலை. பேட்டரியைக் கழட்டறது, ராமைத் தேய்க்கறது, இதெல்லாம் இந்தக் கேஸுக்கு வேலைக்கே ஆகாது. யாரு இதையெல்லாம் உங்களைப் பண்ணச் சொன்னது?"ன்னான். எங்க மாப்பிள்ளைதான், இதே லைன்தான்னேன். "இதே லைன்ல இருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்குமே. வேணும்னே இழுத்தடிச்சிருக்காரு"ங்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். எங்க மாப்பிள்ளையை எதுக்கு நீ குத்தஞ்சொல்றே? அவரு வேலை வெட்டி இல்லாதவரா? ஆபீஸ்லருந்து வந்து செருப்பைக் கூடக் கழட்டாம எனக்குப் போன் பண்ற மனுசனுங்க. இழுத்தடிக்க அவருக்கு என்ன வந்திருக்குது? தெரியலை, அவ்வளவுதான். வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். இழுத்தடிச்சாருன்னு சொன்னா? அவன் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துட்டு வந்தான், போர்டைக் கழட்ட. "தொடாதே"ன்னேன். கத்திட்டேன் போல, கடையில இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. "பத்து நிமிஷம் பெரியவரே"ங்கறான். பத்து நிமிஷத்துல சரியாயிரும்னா எனக்கென்ன? ஆரம்பிச்சவரு முடிக்கட்டும்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து உக்காந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் போன் வந்தப்பச் சொன்னேன், கடையில காட்டினேன் மாப்ளே, சிப்பைத் திருப்பி எழுதோணுமாமேன்னு. அவரு எந்தக் கடைன்னு கேட்டாரு. அப்புறம் மெதுவா, "ஆமாங்க மாமா, எழுதலாம். போர்டைக் கழட்டி எடுத்துட்டு இங்க வாங்க"ன்னாரு. எவ்வளவு நாளு? கழட்டு, மாட்டுன்னு எவ்வளவு நாளு? இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஆகாதா? கடைக்காரன் சொல்ற வரைக்கும் தெரியலை பாருங்க.

கிருஷ்ணகிரி தாண்டிட்டமா? பேச்சுல தெரியவே இல்லை.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. சரியாகிப்போச்சுன்னு வைங்க, நாளைக்குப் பொட்டி ஓடும். வணக்கம் மாமா வரும். சாயங்காலம் போன் வராது. எதுக்கு வரோணும்? போர்டு ஓடுதே. அவருக்கும் கல்யாணம்னு ஆயிரும். அப்புறம் அவருக்குன்னு ஒரு மாமனாரு இருப்பாரு, கையும் காலுமா, பொண்ணைக் குடுத்தவரா. மாமான்னு கூப்புட்டா அவருதானே திரும்பிப் பார்க்கோணும்? ரண்டு பேரும் திரும்பிப் பார்த்தா நல்லாவா இருக்கும்? பொண்ணு போனதுக்கப்புறம் நான் அவருக்கு யாருங்க? அதுக்கு ஒரு பேரு இருக்குதா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், அதுக்கு நம்மகிட்ட ஒரு முறையே இல்லை.

இல்லை இல்லை, அதனாலயெல்லாம் பொருத்தத்தை நிறுத்தி வெக்கலை. நீங்களும் அந்தக் கடைக்காரன் மாதிரியே பேசறீங்க. நான் எதுக்கு நிறுத்தறேன்? நல்ல பொண்ணுங்க. அனுசம், விருச்சிக ராசி. அவரு ரோகிணி, ரிஷபம். சம சப்தமம். ரஜ்ஜு தட்டலை, வேதை இல்லை, தினப் பொருத்தம் இருக்குது. மகேந்திரம் இல்லை, வசியம் இல்லை, கணம் கொஞ்சம் இடிக்குது, போகட்டும். ஏழு. பத்துக்கு ஏழு தாராளம்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

அது... ஜாதகம் வந்த அன்னிக்கே கண்ணுல பட்டுருச்சுங்க. நட்சத்திரத்தைப் பார்த்தா கணக்கு தானா ஓடும், அதை நானா நிறுத்த முடியும்? படுத்துட்டே போட்டுட்டேன். ஆனா அது கையால போட்டது. கணக்குல சேராது. மெஷின் சொல்லட்டும்னுதான் காலையில எந்திரிச்சு... சரி விடுங்க.

மழை விட்டுருச்சு போல. தொறந்தாலும் தொறந்துக்கோங்க.

இருங்க, போன் அடிக்குது. சட்டைப் பையில இருக்குது, கொஞ்சம் எடுத்து என் காதுல வெச்சுவிடுங்க. கையை எடுத்தா இது நழுவிரும்.

சொல்லுங்க மாப்ளே. ஆமாங்க, சூளகிரி தாண்டியாச்சு. இல்லீங்க, நனையலை. பக்கத்துல ஒரு தம்பி, ஜன்னலைச் சாத்திக் குடுத்தாரு. நீங்க எதுக்குங்க பஸ் ஸ்டாண்டுக்கு? நான் ஆட்டோவுல வந்துருவேன். சரி. சரி, நில்லுங்க. மாப்ளே, வெச்சுராதீங்க. அந்தப் பொண்ணு ஜாதகம் பார்த்துட்டேனுங்க. கையாலதான். ஏழு இருக்குதுங்க. ரஜ்ஜு தட்டலை. நல்லாருக்குது, பண்ணிக்கலாம். அம்மாகிட்டச் சொல்லிருங்க. மாப்ளே? கேக்குதுங்களா?

எடுத்துருங்க தம்பி, பேசியாச்சு. பையில போட்டுருங்க.

இல்லீங்க, கட் ஆகலை. லைன்லதான் இருந்தாரு. ஃபேன் சத்தம் கேட்டோம்னு சொன்னேனே, அன்னிக்கு மாதிரி பேச்சில்லாமயே இருந்தாரு. அப்புறம் என்ன கேக்கறாரு தெரியுங்களா? "போர்டை அந்தக் கடைக்காரன் தொடலையே மாமா?"ங்கறாரு. நான் கல்யாணத்தைப் பத்திச் சொல்றேன், அவரு போர்டைக் கேக்கறாரு. தொடலைங்க, விடுவனான்னேன். "அப்பச் சரி. ஆனா மாமா, இது ஒரு நாள்ல முடியற வேலை இல்லை. எழுதோணும், வெச்சுப் பார்க்கோணும், திருப்பி எழுதோணும். கல்யாணத்துக்கு அப்புறமும் இழுக்கும். நீங்கதான் வந்து வந்து போகோணும், நானும் தெனமும் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்"ங்கறாரு. குரலே சரியில்லை, சளி புடிச்சிருக்குமாட்ட இருக்குது.

பத்து நிமிஷ வேலைங்க. கடைக்காரன் சொன்னதை உங்ககிட்டயும் சொன்னேன்ல?

அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க தம்பி, வேட்டி அவுந்துட்டு வருது. எறங்கறதுக்குள்ள நல்லாச் சுத்திரோணும். நாந்தான் மொதல்லயே சொன்னேனே, எங்க மாப்பிள்ளைக்கு வேலை தெரியாதுன்னு.

தெரியாமயே இருக்கட்டும்.